கல்லில் ஏறிய பெயர்கள், கணக்கில் நின்ற உயிர்கள்

இங்கிலாந்தின் தென்கரைத் துறைமுகமான சவுத்தாம்ப்டனில் ஹாலிபுரூக் என்றொரு இடுகாடு உண்டு. அதற்குள் நிற்கும் நினைவுச்சின்னத்தில் ஏறத்தாழ 1,900 பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதல் உலகப் போரில் உயிர்விட்டு, கல்லறை இல்லாமல் போனவர்களின் பெயர்கள் அவை. பெரும்பாலோர் கடலோடு போனவர்கள்.

அவற்றில் ஒரு பெயர் உலகறிந்தது. பீல்டு மார்ஷல் கிச்சனர் பிரபு. 1902 முதல் 1909 வரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி. பின்னர் பிரிட்டனின் போர் அமைச்சர். 1916 ஜூன் 5 அன்று ரஷ்யாவுக்குப் புறப்பட்ட 'ஹாம்ப்ஷயர்' போர்க்கப்பல் ஆர்க்னி தீவுகளுக்கு அருகே கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியபோது மாண்டவர். அதே சின்னத்தில் உள்ள பெயர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தென்னாப்பிரிக்கத் தொழிலாளர் படையினருடையவை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின நாட்டுப்புறத்தார். மாடு மேய்த்தவர்கள், சோளக்கொல்லை உழுதவர்கள், சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் கூலிக்குப் போனவர்கள். 1917 பிப்ரவரி 21 அதிகாலை 'மெண்டி' என்ற கப்பலோடு கடலுக்குள் போனவர்கள்.

படையில் பிள்ளையைக் கொடுத்த குடும்பங்கள் இந்த மலரைப் புரட்டும். உடல் ஊர் வந்து சேராத வீட்டின் துக்கம் எப்படிப்பட்டது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வீடுகளுக்கு ஒரு நிறுவனம் என்ன செய்ய முடியும், எதைச் செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்பதற்கு மெண்டியின் கதை நல்ல சாட்சி. அந்த நிறுவனம், இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், நமக்கும் அந்நியமானதல்ல. சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள மதராஸ் போர்க் கல்லறையைப் பராமரித்து வருவதும் அதுவே.

துப்பாக்கி தராத படை

1916இல் பிரான்சுப் போர்முனையில் ஆள் பற்றாக்குறை. துறைமுகங்களில் சரக்கு இறக்க, ரயில்பாதை போட, கல் உடைக்க, மரம் வெட்ட ஆட்கள் வேண்டும் என்று பிரிட்டன் கேட்டது. அப்படித் திரட்டப்பட்டதுதான் தென்னாப்பிரிக்கச் சுதேசித் தொழிலாளர் படை. சுமார் 21,000 கறுப்பினத்தவர் இதில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார்கள்.

படை எண் உண்டு, இராணுவச் சட்டம் உண்டு. கையில் மட்டும் துப்பாக்கி கிடையாது. கறுப்பினத்தவருக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தால் நாளை அது நம் மீதே திரும்பும் என்பது தென்னாப்பிரிக்க வெள்ளையர் அரசின் பயம். பிரான்சில் அவர்களைத் தங்க வைத்த முகாம்களைச் சுற்றி வேலி போட்டார்கள். கிம்பர்லி வைரச் சுரங்கத் தொழிலாளர்களை அடைத்து வைத்த 'காம்பவுண்டு' முறை அப்படியே பிரான்சுக்குக் கப்பலேறியது. வெளியே போய் வெள்ளைக்காரர்களோடு சமமாகப் பழகிவிட்டால் ஊர் திரும்பிய பிறகு பழைய பணிவு இருக்காது என்று கணக்குப் போட்டார்கள்.

இப்படியெல்லாம் இருந்தும் ஏன் சேர்ந்தார்கள்? மாதம் 3 பவுன் சம்பளம் ஒரு காரணம். 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம், நாட்டு நிலத்தில் சுமார் 7 விழுக்காட்டை மட்டும் கறுப்பினத்தவருக்கு ஒதுக்கி, மற்ற இடங்களில் அவர்கள் நிலம் வாங்குவதைத் தடுத்திருந்தது. உழ நிலமில்லை, கட்ட வரியிருக்கிறது என்ற நிலையில் இருந்தவனுக்கு மாதச் சம்பளம் பெரிய ஈர்ப்பு. பல ஊர்களில் குலத்தலைவரே ஆளனுப்பினார். சில இடங்களில் தலைவரின் குடும்பத்தாரே முன்வந்து பெயர் கொடுத்தார்கள். படித்தவர்களிடம் வேறொரு நம்பிக்கை இருந்தது. பேரரசின் ஆபத்துக் காலத்தில் தோள் கொடுத்தால், போர் முடிந்ததும் குடியுரிமை கேட்க ஒரு வாய் கிடைக்கும் என்று அவர்கள் எண்ணினார்கள். அதே ஆண்டுகளில் இந்தியத் தலைவர்கள் பலரும் அதே எண்ணத்தோடுதான் ஆள்சேர்ப்புக்கு ஆதரவு தந்தார்கள் என்பது நமக்குத் தெரிந்த வரலாறு.

பனிமூட்டத்தில் ஒரு மோதல்

'மெண்டி' 1905இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட 4,230 டன் பயணிக் கப்பல். மேற்கு ஆப்பிரிக்கத் தடத்தில் ஓடிக்கொண்டிருந்ததைப் போருக்காகத் துருப்புக் கப்பலாக்கினார்கள். 1917 ஜனவரியில் கேப்டவுனில் தொழிலாளர் படையின் 5ஆம் பட்டாலியனைச் சேர்ந்த எண்ணூறுக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. வழியில் லாகோஸ் துறைமுகத்தில் அதன் பின்புறத்தில் ஒரு பீரங்கியைப் பொருத்தினார்கள். பிளிமத் வந்து சேர்ந்து, பிப்ரவரி 20 அன்று பிரான்சின் லே ஹாவ்ர் துறைமுகத்தை நோக்கிப் புறப்பட்டது. துணைக்கு 'பிரிஸ்க்' என்ற நாசகாரிக் கப்பல் வந்தது.

இரவு கவிந்த பனிமூட்டம் விடியும்வரை விலகவில்லை. மெண்டி வேகத்தைக் குறைத்து, மூடுபனியில் கப்பல்கள் ஊத வேண்டிய ஊதலை ஊதிக்கொண்டே ஊர்ந்தது. காலை 5 மணியளவில், வைட் தீவின் செயின்ட் கேத்தரின் முனைக்குத் தெற்கே, 'டாரோ' என்ற சரக்குக் கப்பல் முழு வேகத்தில் வந்து மெண்டியின் வலப்பக்கத்தில் மோதியது. டாரோ 11,000 டன்னுக்கும் அதிகமான கப்பல். மெண்டியைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். அது ஊதலும் ஊதவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை. அடித்தளத்தில் ஆட்கள் படுத்திருந்த பகுதியின் மேலேயே அடி விழுந்தது. பலர் எழுந்திருக்கவே நேரமில்லாமல் போனார்கள்.

சுமார் அரைமணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கியது. ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதால் உயிர்காப்புப் படகுகள் பலவற்றைக் கடலில் இறக்க முடியவில்லை. மேல்தளத்தில் வரிசையில் நின்றவர்களைக் குதிக்கச் சொன்னார்கள். இந்தப் பயணத்துக்கு முன் கடலையே கண்டிராதவர்கள் அவர்களில் ஏராளம். பிப்ரவரி மாதத்து ஆங்கிலக் கால்வாயின் குளிர்நீரில், மிதவையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கை தளர்ந்தார்கள். 'பிரிஸ்க்' கப்பலின் மாலுமிகள் இருட்டிலும் பனியிலும் படகுகளை இறக்கித் தேடி எடுத்தார்கள். மோதிய டாரோவோ சற்றுத் தொலைவில் நின்றது. ஒரு படகையும் இறக்கவில்லை.

தென்னாப்பிரிக்கர் 616 பேர் இறந்தார்கள். அவர்களில் 607 பேர் கறுப்பினத்தவர். கப்பல் பணியாளர் 30 பேரும் மாண்டார்கள். அந்த 607 பேரில் 287 பேர் டிரான்ஸ்வால் பகுதியிலிருந்தும், 139 பேர் கிழக்குக் கேப் பகுதியிலிருந்தும், 87 பேர் நேட்டாலிலிருந்தும் வந்தவர்கள். பாசுடோலாந்து, பெச்சுவானாலாந்து ஆட்களும் இருந்தார்கள். பாண்டோலாந்தின் குலத்தலைவர் குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி பொக்லேனி ந்டமாசே அவர்களில் ஒருவர். இன்னொருவர் ஐசக் வோஷோப் டியோபா. லவ்டேல் கல்விக்கூடத்தில் படித்தவர், கிறிஸ்தவப் போதகர், ஷோசா மொழியில் எழுதியவர். கப்பல் சாயும்போது அவர்தான் எல்லோரையும் திடப்படுத்திப் பேசினார் என்றும், காலணிகளைக் கழற்றிவிட்டு அனைவரும் தளத்தில் சாவு நடனம் ஆடினார்கள் என்றும் தென்னாப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். அரசு ஆவணங்களில் இதற்குச் சான்று இல்லை. ஊர்வாய் காத்த செய்தி அது. ஆவணம் எழுதியவர்கள் அந்தத் தளத்தில் நின்றவர்களின் மொழியை அறியாதவர்கள் என்பதையும் சேர்த்தே நாம் இதை எடைபோட வேண்டும்.

அந்தக் கோடையில் விசாரணை நடந்தது. குற்றம் டாரோவின் கேப்டன் மீது என்று முடிவானது. அதிவேகத்தில் வந்ததும், ஊதல் ஊதாததும், தத்தளித்தவர்களைக் காப்பாற்ற முயலாததும் குற்றங்கள். தண்டனை, அவருடைய மாலுமி உரிமம் ஓராண்டுக்கு நிறுத்திவைப்பு. கேப்டவுனில் 1917 மார்ச் 9 அன்று பிரதமர் லூயிஸ் போத்தா இரங்கல் தீர்மானம் கொண்டுவந்தபோது, வெள்ளையர்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த சட்டமன்றம் எழுந்து நின்றது. போர் முடிந்ததும் வழங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தைத் தொழிலாளர் படையின் கறுப்பினத்தவருக்குக் கொடுக்க அதே தென்னாப்பிரிக்க அரசு மறுத்துவிட்டது.

மூன்று மாதம் கழித்துப் பிறந்த ஆணையம்

மெண்டி மூழ்கி மிகச் சரியாக மூன்று மாதம் கழித்து, 1917 மே 21 அன்று, இறந்த வீரர்களின் நினைவைக் காப்பதற்கென்றே ஒரு நிறுவனம் அரச சாசனத்தால் அமைக்கப்பட்டது. பெயர், பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம். 1960 முதல் அது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்.

இதன் தந்தை பேபியன் வேர். பத்திரிகை ஆசிரியராகவும் கல்வி அதிகாரியாகவும் இருந்தவர். 1914இல் வயது காரணமாகப் படையில் எடுக்க மறுத்ததால் செஞ்சிலுவைச் சங்க ஆம்புலன்சுப் பிரிவோடு பிரான்சுக்குப் போனார். காயம்பட்டவர்களைத் தேடிப் போன இடத்தில், அவசர அவசரமாகத் தோண்டிப் புதைத்த குழிகளையும், மழையில் எழுத்து அழிந்துகொண்டிருந்த மரச்சிலுவைகளையும் கண்டார். யார் எங்கே கிடக்கிறார் என்று எழுதி வைக்க யாருமில்லை. தாமே எழுதத் தொடங்கினார். அந்தக் குறிப்பேட்டுப் பழக்கம் 1915இல் இராணுவப் பிரிவாகி, 1917இல் ஆணையமாக வளர்ந்தது.

பிரிட்டிஷ் அருங்காட்சியக இயக்குநர் பிரெடெரிக் கென்யன் 1918இல் தந்த அறிக்கைதான் ஆணையத்தின் அடித்தளம். உடல்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவருவதில்லை. வசதியுள்ளவன் தன் மகனுக்குத் தனிப் பெரிய கல் வைக்க அனுமதியில்லை. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். உடல் கிடைக்காதவன் பெயர் நினைவுச்சின்னத்தில் ஏறும். பதவி, இனம், மதம் பார்க்கக் கூடாது. பிரிட்டனில் இதற்குக் கடும் எதிர்ப்பு வந்தது. பெற்ற பிள்ளையின் கல்லறையை அரசாங்கம் எப்படித் தீர்மானிக்கலாம் என்று தாய்மார்கள் மனுப் போட்டார்கள். 1920 மே மாதம் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்து, ஆணையத்தின் கொள்கையே நின்றது. ஆணையத்தின் இலக்கிய ஆலோசகர் ருட்யார்டு கிப்ளிங். அவருடைய மகனும் 1915இல் லூஸ் போரில் காணாமல் போனவர்களில் ஒருவன். கல்லில் வைக்க வேண்டிய சொற்களைத் தேடியவருக்கு, தம் மகன் கிடக்கும் இடம் எது என்று கடைசிவரை தெரியவில்லை.

உடல் இல்லாமலே ஒருவனைக் கல்லில் நிறுத்துவது நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியம் நடுகல்லுக்குக் கல் தேடுவது முதல் வாழ்த்துவது வரை படிப்படியாகச் சொல்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் யாருடைய ஆட்சிக் காலம், எந்த ஊர், எந்தப் பூசல், செத்தவன் யார் என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். மாட்டைக் காக்கச் செத்தவன் பெயரும் அதில் உண்டு. ஆணையம் இதையே கோடிக்கணக்கான மக்களை உள்ளடக்கிய ஒரு பேரரசின் அளவில் செய்ய முயன்றது. ஆகவே அதன் சோதனை, கடைக்கோடி ஊர்க்காரனின் பெயரை அது எழுதியதா என்பதில்தான் இருந்தது.

ஹாலிபுரூக்கில் தேறியது

கடலில் போனவர்களுக்கு ஆணையம் ஒரு முறை வகுத்தது. கடற்படையினருக்கு போர்ட்ஸ்மத், பிளிமத், சாத்தம் ஆகிய மூன்று தளங்களில் நினைவுத் தூண்கள். வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு லண்டன் டவர் ஹில்லில், கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த நினைவிடம். இந்த இரண்டிலும் சேராத ஒரு கூட்டம் இருந்தது. தரைப்படை, விமானப்படைக்காரர்கள், ஆனால் செத்தது கப்பலில். மருத்துவமனைக் கப்பல்களிலும் துருப்புக் கப்பல்களிலும் போன இவர்களுக்காக எழுந்ததே ஹாலிபுரூக் நினைவுச்சின்னம். 1930 டிசம்பரில் பீல்டு மார்ஷல் வில்லியம் ராபர்ட்சன் அதைத் திறந்துவைத்தார். அவரே சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக பீல்டு மார்ஷல் வரை உயர்ந்தவர்.

கால்வாயில் கண்ணிவெடிக்கு இரையான 'ஆங்கிலியா' மருத்துவமனைக் கப்பலில் இருந்தவர்கள், 1918 அக்டோபரில் அயர்லாந்துக் கடலில் தகர்க்கப்பட்ட 'லெய்ன்ஸ்டர்' அஞ்சல் கப்பலில் இருந்தவர்கள், செவிலியர்கள், இவர்களோடு கிச்சனர், இவர்களோடு மெண்டியின் ஆட்கள். தென்னாப்பிரிக்காவில் ஒரே ரயில் பெட்டியில் உட்கார முடியாதவர்களின் பெயர்கள் இங்கே ஒரே சின்னத்தில் இருக்கின்றன. ஆணையத்தின் கொள்கை சொன்ன சமத்துவம் இந்த ஓரிடத்தில் எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது.

இது சாத்தியமானதற்கு மூலகாரணம் ஒரு காகிதம். பிரான்சுக்குப் போகும் படை என்பதால், கப்பலேறும் முன் ஒவ்வொருவரின் பெயரும் படை எண்ணும் பதிவேட்டில் ஏறியிருந்தன. கப்பல் கடலுக்கடியில் போனது; பதிவேடு கரையில் இருந்தது. சில உடல்கள் மட்டும் பின்னர் இங்கிலாந்துத் தென்கரையிலும் நெதர்லாந்துக் கடற்கரையிலும் ஒதுங்கின. நூர்ட்வைக் இடுகாட்டிலும் போர்ட்ஸ்மத்தின் மில்டன் இடுகாட்டிலும் அவர்களுக்குத் தனித்தனிக் கல்லறை உண்டு.

ஆப்பிரிக்காவில் தவறியது

இதே போரில், இதே நாட்டிலிருந்து, இதே கிராமங்களிலிருந்து போன வேறொரு கூட்டம் ஆப்பிரிக்க மண்ணிலேயே மாண்டது. ஜெர்மானிய ஆப்பிரிக்கக் காலனிகளில் நடந்த சண்டைகளில் சுமை தூக்கவும், வண்டி ஓட்டவும், பாதை வெட்டவும் போனவர்கள் அவர்கள். குண்டடி பட்டுச் செத்தவர்களை விட மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் பட்டினியிலும் செத்தவர்களே அதிகம். கிழக்கு ஆப்பிரிக்கப் போர்முனையில் மட்டும் பல்லாயிரக்கணக்கான ஆப்பிரிக்கச் சுமைதூக்கிகள் இப்படி மடிந்தார்கள்.

இவர்களுக்கு ஆணையம் என்ன செய்தது? நைரோபி, மொம்பாசா, தார் எஸ் சலாம் ஆகிய மூன்று நகரங்களில் வெண்கலச் சிலைகள் வைத்தது. கம்பீரமான சிலைகள்தான். ஒரு பெயரும் இல்லை. சராசரி ஆப்பிரிக்கனுக்குக் கல்லறைக் கல்லின் அருமை புரியாது என்று 1923இல் கோல்டு கோஸ்ட் ஆளுநர் குகிஸ்பர்க் கருத்துச் சொன்னார். ஆணையத்தின் அதிகாரிகள் அதை மறுக்கவில்லை; அதை ஒட்டியே நடந்தார்கள். பெயர் எழுதாததற்கு பதிவேடு இல்லை என்பது ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. பல இடங்களில் பதிவேடு இருந்தும் பார்க்க யாரும் மெனக்கெடவில்லை.

இந்தியருக்கும் இதில் பங்கு உண்டு. பிரான்சின் நெவ் ஷபெல் நினைவிடத்தில், கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1927இல் திறக்கப்பட்ட அந்த வட்டச் சுவரில், 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே சிப்பாய்க்கும் பெயர் உண்டு. மெசபடோமியாவில் இறந்தவர்களுக்காக 1929இல் திறந்த பாஸ்ரா நினைவிடத்திலோ, பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர், இந்திய அதிகாரிகளுக்குப் பெயர். இந்தியச் சிப்பாய்களுக்கு மட்டும் இந்தப் பட்டாலியனில் இத்தனை பேர் என்று தொகை. மதராஸ் சாப்பர்ஸ் மெசபடோமியாவில் ஆற்றுப்பாலம் கட்டியும் சாலை போட்டும் உழைத்த படை என்பது இம்மலரின் வாசகர்கள் பலருக்குத் தெரியும். ஒரே இராணுவம், ஒரே போர், ஒரே ஆணையம். ஐரோப்பாவில் செத்தவன் பெயரானான். ஆசியாவில் செத்தவன் எண்ணிக்கையானான்.

எனவே மெண்டியின் கதையைக் கடலில் மாண்டவனுக்குக் கிடைத்த கௌரவம் என்று மட்டும் வாசித்தால் பாதிதான் வாசித்ததாகும். அவன் இங்கிலாந்தின் வாசலில், அரசர் மாளிகைக்கு ஒருநாள் பயணத் தொலைவில் இறந்தான். அவனுடைய பெயரை எழுதாமல் விட்டிருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். கிழக்கு ஆப்பிரிக்கப் புதர்க்காட்டில் காய்ச்சலில் செத்த அவனுடைய அண்ணனோ தம்பியோ யார் கண்ணிலும் படவில்லை. கடலில் போனவனுக்குக் கல் கிடைத்தது. சொந்தக் கண்டத்தின் மண்ணில் கிடந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

ஊரார் காத்த நினைவு

கல் இங்கிலாந்தில், உறவு ஆப்பிரிக்காவில். பாண்டோலாந்திலிருந்து சவுத்தாம்ப்டன் போய்ப் பெயரைத் தடவிப் பார்த்துவரும் வசதி எந்தத் தாய்க்கு இருந்திருக்கும்? ஆகவே நினைவைக் காக்கும் வேலையைச் சமூகமே எடுத்துக்கொண்டது. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் பிப்ரவரி 21ஐ மெண்டி நாளாகக் கொண்டாடும் வழக்கம் கறுப்பினக் குடியிருப்புகளில் பரவியது. தேவாலயத்தில் பிரார்த்தனை, மைதானத்தில் கூட்டம், பாட்டு, பேச்சு. ஷோசா மொழிக் கவிஞர் எஸ். ஈ. கே. மஃகாயி மெண்டி மூழ்கியதைப் பாடினார். மெண்டியின் பெயரால் நிதி திரட்டி ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவினார்கள். செத்தவனுக்குச் செய்யும் காரியத்தை இருப்பவனின் கல்வியாக்கிய இந்த யோசனைக்கு எந்தச் சாசனமும் தேவைப்படவில்லை.

நிறவெறி ஆட்சி அந்த நாளைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்கவில்லை. வரலாற்றாசிரியர் நார்மன் கிளாதியர் 1987இல் தொழிலாளர் படையையும் மெண்டியையும் பற்றித் தனிநூலே எழுதினார். கடலடியில் கிடந்த கப்பலும் தன் பங்குக்கு வெளிப்பட்டது. வைட் தீவுக்குத் தெற்கே ஏதோ ஒரு சிதைவு கிடப்பது மீனவர்களுக்கும் மாலுமிகளுக்கும் முன்பே தெரியும். 1974இல் முக்குளித்தவர்கள் அங்கே உணவுத் தட்டுகளைக் கண்டெடுத்தார்கள். தட்டில் அச்சிட்டிருந்த கப்பல் கம்பெனிச் சின்னம் மெண்டியின் உரிமையாளர்களுடையது. அந்தப் பீங்கான் முத்திரையை வைத்துத்தான் இது மெண்டி என்று உறுதியானது.

நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகு நிலைமை மாறியது. 1995 மார்ச்சில் சோவெட்டோவின் ஆவலான் இடுகாட்டில் எலிசபெத் அரசியார் மெண்டி நினைவுச்சின்னத்தைத் திறந்துவைத்தார். 2003இல் தீரச் செயலுக்கான தென்னாப்பிரிக்க நாட்டு விருதுக்கு மெண்டியின் பெயர் சூட்டப்பட்டது. புதிய போர்க்கப்பல் ஒன்றுக்கும் 'மெண்டி' என்றே பெயர். 2004இல் அந்தக் கப்பலே பழைய மெண்டி மூழ்கிய இடத்துக்குப் போய்க் கடலில் மலர்வளையம் விட்டது. 2009இல் பிரிட்டன் அந்தச் சிதைவைச் சட்டப் பாதுகாப்புக்குரிய இடமாக அறிவித்தது. 2012 முதல் தென்னாப்பிரிக்காவின் படைகள் தினம் பிப்ரவரி 21. துப்பாக்கி தர மறுக்கப்பட்டவர்களின் நாள், இன்று ஒரு நாட்டின் முப்படைகளும் அணிவகுக்கும் நாள்.

2017இல், நூற்றாண்டு ஆண்டில், இன்னொன்றும் நடந்தது. இங்கிலாந்தின் ஸ்வானேஜ் படகுத்துறையில் யாரோ ஒருவர் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துவிட்டு பி.பி.சி. நிருபருக்குத் தகவல் கொடுத்தார். பைக்குள் இருந்தது மெண்டியின் மணி. கொடுத்தவர் யாரென்று வெளியிடப்படவில்லை. 2018 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே கேப்டவுனில் அதை அதிபர் ராமபோசாவிடம் ஒப்படைத்தார்.

ஆணையத்தின் திருத்தம்

ஆணையம் தன் கணக்கைத் தானே புரட்டிப் பார்க்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் ஆப்பிரிக்கக் கல்லறைகளின் நிலையை அம்பலப்படுத்திய பிறகு ஆணையம் ஒரு சிறப்புக் குழு அமைத்தது. 2021 ஏப்ரலில் வந்த அறிக்கை மழுப்பாமல் பேசியது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டிருக்கிறார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைகூட, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை. இவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள், இந்தியர்கள். ஆணையம் மன்னிப்புக் கேட்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்புக்குப் பின் வந்த முதல் பெரிய காரியம் கேப்டவுனில் எழுந்தது. 2025 ஜனவரியில் நகரின் பழைய கம்பெனித் தோட்டத்தில் கேப்டவுன் தொழிலாளர் படை நினைவிடத்தை இளவரசி ஆன் திறந்துவைத்தார். ஆப்பிரிக்க மண்ணில் பணியாற்றி இறந்து, கல்லறை தெரியாமல் போன 1,772 தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவருக்கானது அது. ஆப்பிரிக்க இரோகோ மரத்தில் ஆளுக்கொரு கம்பம். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், இறந்த தேதி. தென்னாப்பிரிக்க இராணுவ ஆவணக் காப்பகத்தில் கையால் எழுதி வைத்திருந்த பதிவேடுகள்தான் இந்தப் பெயர்களைக் காட்டிக்கொடுத்தன. ஹாலிபுரூக்கில் மெண்டியின் பெயர்கள் ஏறிய அதே வழி. ஒன்றுக்கு 13 ஆண்டு, மற்றொன்றுக்கு 100 ஆண்டுக்கும் மேல். இடையில் குறைந்தது காகிதமல்ல, அக்கறை.

நம் பக்கத்துக் கணக்கு

1971 டிசம்பர் 9 அன்று டையூ அருகே நீர்மூழ்கித் தாக்குதலில் மூழ்கிய நம் கடற்படையின் 'குக்ரி' போர்க்கப்பலோடு 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். டையூ கடற்கரையில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. கப்பலை விட்டு இறங்க மறுத்த கேப்டன் முல்லாவின் பெயர் நாடெங்கும் தெரியும். முதல் உலகப் போரில் கடலில் மாண்ட இந்திய மாலுமிகளுக்கு மும்பையில் ஆணையத்தின் நினைவிடம் உண்டு. சென்னை நந்தம்பாக்கத்தில் இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளோடு, 1914–1918 போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்ப் பலகையும் உண்டு.

ஊர்ப்பக்கம் வந்தால் கதை வேறு. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கில அரசு பதித்த சலவைக்கல் தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் இன்றும் இருக்கிறது. பள்ளிக்கூடச் சுவரில், மணிக்கூண்டில், சில இடங்களில் சுண்ணாம்பு பூசி மறைந்தபடி. போனவர்கள் எத்தனை, போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை என்று எண் இருக்கிறது. யார் என்று இல்லை. பாஸ்ராவில் சிப்பாயைத் தொகையாக்கிய அதே கைதான் நம் ஊர்ச் சுவரிலும் எழுதியது. அந்தக் கல்லை நாம் பெருமையாகக் காட்டுகிறோம். அதில் பெயர் இல்லாததை யாரும் கேட்டதில்லை.

ஆணையம் இப்போது விடுபட்ட பெயர்களைத் தேடுகிறது. தேடுகிறவனுக்கு ஊர் கை கொடுக்க வேண்டும். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் தாள், மங்கிய பதக்கத்தின் விளிம்பில் வெட்டிய படை எண், பாட்டி சொன்ன கப்பல் பெயர், எதுவும் வீணில்லை. மெண்டியின் ஆட்களைக் கல்லில் ஏற்றியது வீரக்கதையோ கண்ணீரோ அல்ல; கப்பலேறும் முன் ஒரு குமாஸ்தா ஒழுங்காக எழுதிய வரி. நம்மிடமும் அந்த வேலைதான் பாக்கி. இம்மலரை வாசிக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளில் ஆறு விவரங்களை எழுதட்டும்: பெயர், தந்தை பெயர், ஊர், படைப்பிரிவு, எண், எங்கே எப்போது இறந்தார். தெரிந்த அளவு போதும். தெரியாத இடத்தைக் காலியாக விடலாம். ஊர்க்கல் எங்கே இருக்கிறது என்பதையும் குறித்து இம்மலரை வெளியிடும் சங்கத்திடம் கொடுங்கள். கல்லில் இருக்கும் எண்ணிக்கைக்கு ஈடான பெயர்கள் சேர்ந்த ஊர்களின் பட்டியலை அடுத்த மலரில் முதல் பக்கத்தில் போடுவோம்; எண்ணிக்கை குறைகிற ஊர்களில் இன்னும் எத்தனை பேரைத் தேட வேண்டும் என்பதையும் அதன் கீழேயே போடுவோம்.